பாட்டிகளை ஏற்றிச் செல்லும் குட்டியானை: சரக்கு வண்டியில் உயிருக்கு என்ன கணக்கு?

புதுக்கோட்டை:
கேத வீட்டுக்குப் போகணுமா, குட்டியானை. குலதெய்வம் கோவிலில் பேரனுக்கு முடியிறக்கணுமா, குட்டியானை. ஆடி மாச மொய் விருந்துக்குப் பத்து பேர் சேர்ந்து போகணுமா, அதுக்கும் குட்டியானைதான். புதுக்கோட்டை மாவட்டத்து கிராமங்களில் வயசானவர்கள் நாலு பேர் கூட்டா கிளம்பினால் வாசலில் வந்து நிற்பது பெரும்பாலும் கார் இல்லை, பஸ்சும் இல்லை. நெல்லு மூட்டையும், வாழைத்தாரும், மாட்டுத் தீவனமும் ஏற்றுகிற சரக்கு வண்டிதான்.

பின்பக்கக் கதவை இறக்கி விடுவார்கள். இடுப்பு உயரத்துக்கு இருக்கும். கீழே ஒரு ஸ்டூல் போட்டு, இரண்டு பேர் கையைப் பிடிச்சு, "பாத்து ஏறு அப்பத்தா" என்று தூக்கி விடணும். முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் சேர். மற்றவர்கள் சாக்கை விரிச்சு தரையில் உட்கார வேண்டியதுதான். பிடிக்கக் கம்பி கிடையாது. வளைவு வந்தால் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்வார்கள். இந்த நிருபரும் சொந்தக்காரர் கேதத்துக்கு இப்படிப் போனவன்தான். போற வழியெல்லாம் பிளாஸ்டிக் சேரின் காலைப் பிடிச்சுக்கிட்டே வந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

இது சரியா, தப்பா என்று கேட்டால் சட்டம் ஒரே வார்த்தையில் தப்பு என்று சொல்லிவிடும். ஆனால் ஏன் இந்த நிலைமை, அடிபட்டால் யார் பொறுப்பு, இதுக்கு மாற்று என்ன என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

காம்பவுண்டு இல்லாத முதியோர் குடியிருப்பு

கோவை பக்கம் ஓய்வுபெற்றவர்களுக்கு என்றே தனிக் குடியிருப்புகள் கட்டி விற்கிறார்கள். காம்பவுண்டு சுவர், வாட்ச்மேன், சாப்பாட்டுக் கூடம், நர்ஸ் என எல்லாம் உண்டு. பெரிய வளாகமாக இருந்தால் பேட்டரி காரும் ஓடும். கோல்ப் மைதானத்தில் ஓட்டுவதற்காக வந்த வண்டி அது. தரையை ஒட்டின படி, சாயறதுக்கு சீட்டு, பிடிக்கக் கம்பி. ஸ்ரீரங்கம் கோவிலிலும், பழநி கிரிவலப் பாதையிலும் பார்த்திருப்பீர்கள்.

நம்ம மாவட்டத்தில் பல ஊர்கள் சுவர் இல்லாத முதியோர் குடியிருப்பாகவே மாறிவிட்டன. திருமயம், அரிமளம், பொன்னமராவதி பக்கம் நகரத்தார் வீடுகளில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது? அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி பக்கம் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள்? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 16 லட்சத்து 18 ஆயிரம் பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள். மாநிலக் கணக்கு அப்போது ஆயிரத்துக்குக் கீழேதான் இருந்தது. ஆம்பளைங்க பிழைக்க வெளியே போன மாவட்டம் என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு சாட்சி.

அதே 2011-ல் தமிழகத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 100-க்கு 10 பேர். 2021-க்கு மத்திய அரசு போட்ட மதிப்பீட்டில் இது 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்து வயசானவர்கள் அதிகம் உள்ள பெரிய மாநிலம் நம்முடையதுதான். பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக பணத்தால் முடியாது. அதுக்கு ஆள் வேணும், வண்டி வேணும்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 'தி வில்லேஜஸ்' என்று ஒரு ஊர். 55 வயதைத் தாண்டியவர்களுக்காகவே உருவான ஊர். 2020 கணக்கெடுப்பில் 79 ஆயிரம் பேர். கடைக்குப் போகவும், டாக்டரைப் பார்க்கவும் பெரும்பாலும் கோல்ப் வண்டியில்தான் போகிறார்கள். அந்த வண்டிக்கு என்றே 100 மைலுக்கு மேல் தனிப்பாதை உண்டு.

அங்கேயும் இன்னொரு வண்டி இருக்கு. பண்ணையில் மூட்டை, மரக்கட்டை ஏற்றுவதற்கான சின்ன சரக்கு வண்டி. கவாசாகி கம்பெனி 1988-ல் 'மியூல்' என்ற பெயரில் கொண்டு வந்தது இந்த ரகம்தான். மியூல் என்றால் கோவேறு கழுதை. மேடு பள்ளம் தாங்கும், பாரமும் இழுக்கும் என்பதால் கோல்ப் வண்டிக்குப் பதில் இதை வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் இந்த ரக வண்டிகளில், பின்னால் இருக்கும் தொட்டியில் ஆள் ஏற்றாதே என்று எச்சரிக்கை ஒட்டித்தான் விற்பார்கள். சீட்டில் பெல்ட் போட்டு உட்காரணும். தொட்டி சரக்குக்கு மட்டும். பொது ரோட்டில் ஓடும் மெதுவான நாலு சக்கர வண்டிகளுக்கு ஹெட்லைட், கண்ணாடி, சீட் பெல்ட் கட்டாயம் என்று 1998-லேயே அந்த நாட்டில் விதி வந்துவிட்டது.

நம்ம ஊர் குட்டியானையும் மியூலுக்குத் தம்பி மாதிரிதான். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு சந்து பொந்தெல்லாம் சரக்கு போக ஆரம்பித்தது. நல்ல வண்டி, சம்சாரிக்குக் கை கொடுத்த வண்டி. அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வித்தியாசம் ஒண்ணுதான். அங்கே தொட்டியில் ஏறக்கூடாது என்று எழுதியிருக்கும் இடத்தில், இங்கே நம்ம அப்பத்தா சாக்கு விரிச்சு உட்கார்ந்திருக்கிறார்.

சைக்கிள் ஓட்டியவர்களுக்கா இந்தக் கதி?

புதுக்கோட்டைக்கு இதில் தனி வருத்தம் உண்டு. 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், இந்த மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது நாடு முழுக்கப் பேசப்பட்டது. கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், வயல் வேலைக்காரர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என ஆயிரக்கணக்கான பெண்கள் முதல் தடவையாக சைக்கிள் மிதித்தார்கள். தண்ணிக் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, ஆம்பளைத் துணை இல்லாமல் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள்.

அப்போது 30 வயதில் இருந்தவர்களுக்கு இன்றைக்கு 65-க்கு பக்கம். முட்டி போய்விட்டது. கண்ணில் புரை. சைக்கிள் திண்ணையில் துருப்பிடிக்கிறது. யார் தயவும் இல்லாமல் போய் வந்தவர்கள், இப்போது "அந்தப் பக்கம் லோடு போகுதா தம்பி?" என்று கேட்டு நிற்கிறார்கள்.

இன்சூரன்ஸ் வருமா?

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். சரக்கு வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு என்றால் அதில் போகிற எல்லாருக்கும் இருக்கு என்று அர்த்தம் இல்லை.

1999-ல் சத்பால் சிங் வழக்கில், சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரணும் என்ற அர்த்தத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஆனால் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் பெரிய பெஞ்ச் அதை மாற்றிவிட்டது. 2004 ஜனவரியில் பல்ஜித் கவுர் வழக்கிலும் அதே நிலைதான். 1994-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, சரக்கோடு வருகிற அதன் சொந்தக்காரர் அல்லது அவருடைய ஆளுக்கு இன்சூரன்ஸ் உண்டு. சரக்கே இல்லாமல் தொட்டியில் ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. நஷ்டஈடு வண்டி ஓனர் தலையில்தான் விழும்.

பல்ஜித் கவுர் வழக்கில், முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் எல்லா வழக்கிலும் அப்படிக் கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. ஒரே ஒரு வண்டியை தவணையில் வாங்கி ஓட்டுகிறவர் லட்சக்கணக்கில் எங்கே போய்க் கொடுப்பார்? அடிபட்டவர் குடும்பமும் நடுத்தெருவில், வண்டிக்காரர் குடும்பமும் நடுத்தெருவில்.

நடக்காத கதை இல்லை இது. 2019 ஆகஸ்ட் 18-ந் தேதி திருச்சி மாவட்டம் துறையூர் அருகே கோவிலுக்குக் கிளம்பியவர்களை ஏற்றி வந்த சிறிய சரக்கு வண்டி கிணற்றில் பாய்ந்து 8 பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரல் 2-ந் தேதி திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் கோவிலுக்குப் போன சரக்கு வேன் கவிழ்ந்து 11 பேர் பலியானார்கள். இரண்டு வண்டியும் சாமி கும்பிடக் கிளம்பின வண்டிகள்.

அபராதம் போட்டால் தீருமா?

விபத்து நடந்தால் ஒரு வாரம் சோதனை நடக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ளதுக்கு மேல் ஆள் ஏற்றினால் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. பத்து பேர் என்றால் 2 ஆயிரம். அபராதம் கட்டிவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு அதே வண்டி அதே ஆட்களோடு கிளம்பும். ஏன்? வேறு வண்டி இல்லை. காரோ வேனோ பிடித்தால் வாடகை கட்டுப்படி ஆகாது. குட்டியானை என்றால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முடிச்சுடலாம்.

அரசு ஒண்ணும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 மே மாதத்தில் அரசு டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்து பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கு வந்தது. 2023 ஆகஸ்ட்டில் முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட் 12-ல் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கி, 70 வயதைத் தாண்டியவர்கள் வீட்டுக்கே ரேஷன் அரிசி வண்டியில் வந்தது.

கவனித்துப் பாருங்கள். அரிசி வீட்டுக்கு வருது, மாத்திரை வீட்டுக்கு வருது. ஆனால் ஆள் வெளியே போக வேண்டிய வேலைக்கு வழி இல்லை. கண் ஆபரேஷனை வாசலில் செய்ய முடியாது. 2017-ல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் ஊரில் இருந்து மெயின் ரோடு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கவே முடியாதவருக்கு முள்ளூரும் தூரம்தான், மதுரையும் தூரம்தான். கூடப் பிறந்தவள் செத்துப் போனால் கடைசியாக முகம் பார்க்கப் போகணும். அதையும் யாரும் வாசலுக்குக் கொண்டு வர முடியாது.

என்ன செய்யலாம்?

முதலாவது மினி பஸ். 1997-ல் தொடங்கியபோது கிராமங்களுக்குப் பெரிய வரமாக இருந்தது. 2025 ஜூன் 16-ல் புதிய திட்டம் தொடங்கியது. பாதையின் நீளம் 25 கிலோ மீட்டருக்குள், அதில் 65 சதவீதம் பஸ் போகாத ரோடாக இருக்கணும் என்பது விதி. நம்ம மாவட்டத்தில் விட்டுப்போன ஊர் எது, எந்த ஊரில் வயசானவர்கள் அதிகம் என்று பார்த்து வழித்தடம் கேட்க வேண்டியது கிராம சபைகளின் வேலை.

இரண்டாவது, ஊருக்குள் இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் உள்ள அந்த இரண்டு மூணு கிலோ மீட்டர். இதுக்கு பஸ் வராது. கோல்ப் வண்டியும் சரிப்படாது. அது வளாகத்துக்குள் ஓடுகிற வண்டி, நம்ம ஊர் ரோட்டில் பதிவு கிடைப்பது கஷ்டம். ஆனால் இ-ரிக்‌ஷா என்ற பேட்டரி ஆட்டோவுக்கு மத்திய அரசு 2014-ல் விதியும், 2015-ல் சட்டத் திருத்தமும் கொண்டு வந்துவிட்டது. டிரைவர் தவிர 4 பேர், 40 கிலோ சாமான், வேகம் 25 கிலோ மீட்டருக்குள். தாழ்வான படி, எதிரெதிர் சீட்டு. பதிவும் உண்டு, பயணிக்கு இன்சூரன்சும் உண்டு. நெடுஞ்சாலையில் ஏற்றாமல் ஊர் ரோட்டோடு நிறுத்திக்கொண்டால் வயசானவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

பேட்டரி வண்டி கிராமத்துக்குப் புதுசும் இல்லை. பல ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் குப்பை அள்ள பேட்டரி வண்டிதான் ஓட்டுகிறார்கள். நம்ம மாவட்டத்தில் ஏராளமான ஊராட்சி. சார்ஜ் போட இடம் இருக்கு, ஓட்டத் தெரிந்த பெண்களும் இருக்கிறார்கள். குப்பைக்கு வண்டி கொடுக்க முடிந்த இடத்தில், மகளிர் குழுவிடம் ஒரு ஆள் வண்டியும் கொடுத்தால் அந்தக் குழுவுக்கும் வருமானம், பெரியவர்களுக்கும் வழி. முதலில் வண்டி, பிறகு அபராதம் என்று வரிசை வைத்தால் சட்டத்தையும் மக்கள் மதிப்பார்கள்.

அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி, அடுத்த காதுகுத்துக்கு ஆள் ஏற்றுகிற வேனுக்கான கூடுதல் பணத்தைச் சேர்த்து அனுப்புங்கள். வண்டிக்காரர்களும் யோசிக்கணும். ஒரு நாள் வாடகைக்காக ஆயுசு முழுக்கக் கடன்காரராக வேண்டுமா?

35 வருஷத்துக்கு முன்னால் இந்த மாவட்டத்துப் பெண்களை சைக்கிளில் ஏற்றிவிட்டது அரசும் ஊரும் சேர்ந்துதான். அதே பெண்களை இப்போது சரக்குத் தொட்டியில் இருந்து இறக்கி ஒரு சீட்டில் உட்கார வைக்க மாவட்ட நிர்வாகமும் ஊராட்சிகளும் முன்வருமா? வாசலில் காத்திருக்கிறார்கள் பெரியவர்கள்.