நாய் பிடிக்கும் சரி... ஓனரைப் பிடிக்குமா?

மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு வெளிய வரும்போது கையில அரை சப்பாத்தியை ஒளிச்சு எடுத்துட்டு வர்ற ஆளா நீங்க? அப்ப இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான் பாஸ்! 'நாய்னா உயிர். இதையே வேலையா வெச்சுக்கிட்டா என்ன?'னு ஒரு தடவையாவது யோசிச்சிருப்பீங்க. வீட்ல சொன்னா என்ன பதில் வரும்னும் தெரியும். 'நாலு வருஷம் ஃபீஸ் கட்டினது நாய் மேய்க்கவா?'

அமெரிக்காவுல, மினசோட்டா பல்கலைக்கழகத்துல கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட்னு ஒரு கணவன், மனைவி இருந்தாங்க. மனோதத்துவத்துல பெரிய தலையான ஸ்கின்னரோட மாணவர்கள். ரெண்டாம் உலகப் போர் நேரத்துல, குண்டுக்கு வழிகாட்ட புறாவைப் பழக்குற ப்ராஜெக்ட்ல வேலை பார்த்தாங்க (சத்தியமா, கதை இல்ல!). அடிக்க வேணாம், சரியா செஞ்ச நொடியில தீனி கொடுத்தாலே மிருகம் கத்துக்கும்ங்கிறது அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. பிஹெச்.டி.யைப் பாதியில விட்டுட்டு, 1940-கள்ல மிருகங்களைப் பழக்குற கம்பெனியே ஆரம்பிச்சிட்டாங்க. விஷயத்தை நாய் ட்ரெயினர்கள்கிட்ட சொன்னா, யாரும் கண்டுக்கல. செயினை வெடுக்குனு இழுத்து அதட்டினாதான் நாய் படியும்னு நம்பின காலம் அது. 'போங்கப்பா'னு கோழிப் பக்கம் போயிட்டாங்க. தீவனக் கம்பெனி விளம்பரத்துக்குக் கோழி பியானோ தட்டுச்சு!

நாய் உலகம் இந்தப் பக்கம் திரும்ப ரொம்ப வருஷம் ஆச்சு. ஹவாய்ல டால்ஃபின் பழக்கின கேரன் பிரையர், 1984-ல 'டோன்ட் ஷூட் த டாக்'னு புத்தகம் எழுதினாங்க. டால்ஃபின் கழுத்துல செயின் மாட்டி இழுக்க முடியுமா என்ன? விசிலும் மீனும்தான். அதே டெக்னிக் 90-கள்ல 'க்ளிக்கர்'ங்கிற பேர்ல நாய்க்கு வந்துச்சு. கையில அமுக்கினா 'டிக்'னு சத்தம் போடுற ஒரு சின்ன டப்பா, அவ்ளோதான்.

அந்த 'டிக்' எதுக்கு? கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல படிச்சிருப்பீங்களே, ஃபீட்பேக் லேட்டா வந்தா சிஸ்டம் ஆட்டம் கண்டுடும்னு. இங்கயும் அதேதான். 'சிட்'னு சொல்றீங்க (நம்மூர் நாய்ங்க எல்லாம் இங்கிலீஷ் மீடியம்தானே), அது உட்காருது. நீங்க பாக்கெட்ல பிஸ்கட்டைத் தேடுறீங்க. அதுக்குள்ள எழுந்து நின்னுடுது. இப்ப கொடுத்தா, எழுந்ததுக்குத்தான் கூலி! 'டிக்' சத்தம் அந்த சரியான நொடியைப் பிடிச்சு வெச்சுக்கும். பிஸ்கட் ரெண்டு செகண்ட் கழிச்சு வரலாம்.

இது வரைக்கும் ஜாலி. இனிமேதான் சிக்கல். நாய் உங்ககூட இருக்கறது ஒரு மணி நேரம், மிச்ச 23 மணி நேரம் வீட்டுக்காரங்ககூட. அம்மா 'சோபாவுல ஏறாதே'னு திட்டுவாங்க, தாத்தா டேபிளுக்கு அடியில இட்லி போடுவார். நீங்க பழக்க வேண்டியது தாத்தாவையும் சேர்த்துதான், அதுவும் அவர் மனசு நோகாம. நாயைப் பிடிச்சு மனுஷங்களைப் பிடிக்காதவங்களுக்கு இந்த வேலை நரகம்.

குட்டியா இருக்கும்போது, 3-லிருந்து 12 வாரம் வரைக்கும்தான் உலகத்தைப் பயமில்லாம பழகிக்கிற முக்கியமான காலம்னு ஸ்காட், ஃபுல்லர் ரெண்டு பேரும் 1965-லயே எழுதிட்டாங்க. ஆனா பல பேருக்கு ட்ரெயினர் ஞாபகம் வர்றது, ஒரு வயசு ஆகி, கூரியர்காரரைக் கடிச்ச பிறகுதான். அப்ப உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கழுத்தை இறுக்குற செயின். ஒரே வாரத்துல நாய் கப்சிப், ஓனர் குஷி, ஃபீஸ் கையில. ஆனா அடங்கினது உறுமல் மட்டும்தான், பயம் உள்ளேயே இருக்கும். அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாம பல்லு பதியலாம். இன்னொண்ணு, பொறுமையா மாசக்கணக்குல பழக்கறது. அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல இந்த ரெண்டாவது வழியைத்தான் எல்லா நாய்க்கும் பரிந்துரைச்சுது. 'சீக்கிரம் முடியாதா தம்பி?'னு ஓனர் கேக்கும்போது தாக்குப்பிடிக்கணும். அவங்க பொறுமை போச்சுன்னா நாய் நாள் முழுக்க மொட்டை மாடியில கட்டிக் கிடக்கும், இல்ல தெருவுக்கு வந்துடும்.

போலீஸ், ராணுவ நாய்ங்கதான் உங்க கனவுன்னா ரூட்டே வேற. முதல்ல படையில சேரணும். குவாலியர் பக்கத்துல டேக்கன்பூர்ல எல்லைப் பாதுகாப்புப் படையோட நாய் பயிற்சி மையம் இருக்கு. ஆனா அங்க நேரா போய் 'எனக்கு நாய் பிடிக்கும்'னு நிக்க முடியாது.

தனியா பண்ணப் போறீங்கன்னா, சி.பி.டி.டி.னு ஒரு சர்வதேச சான்றிதழ் தேர்வு இருக்கு. அதை எழுதவே 300 மணி நேரம் பயிற்சி கொடுத்த அனுபவம் கேக்குறாங்க. சனி, ஞாயிறு ஒரு நல்ல ட்ரெயினர்கிட்ட எடுபிடியா சேர்ந்து பாருங்க. அதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்து ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கோங்க, ப்ளீஸ்.

டிகிரியை மட்டும் இப்பவே விட்டுடாதீங்க. வீட்ல கேட்டா மரியன் கதையோட க்ளைமாக்ஸையும் சொல்லுங்க. இத்தனை வருஷம் மிருகங்களைப் பழக்கிட்டு, 60 வயசை நெருங்கும்போது, 1978-ல பிஹெச்.டி. வாங்கிட்டாங்க. அம்மாக்களுக்கு இந்த சீன் ரொம்பப் பிடிக்கும்.