ஒரே பயிரை நம்பி வாழலாமா?

நமது புக்கிட் செலம்பாவ் வட்டாரம் ரப்பராலும் செம்பனையாலும் வளர்ந்தது. பால்மரம் நம் முன்னோருக்குச் சோறளித்தது. செம்பனை இன்றும் பலருக்கு வேலை தருகின்றது. இந்நன்றியை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிரை நட்டு, அதனையே நம்பியிருப்பது நிலத்துக்கும் நல்லதன்று, உழைப்பவருக்கும் நல்லதன்று என்பதே எனது கருத்தாகும்.

வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது. இலங்கை மலைத்தோட்டங்களில் ஒரு காலத்தில் காப்பியே கோலோச்சியது. 1869-ஆம் ஆண்டில் அங்குக் காணப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழிலையே வீழ்த்தியது. அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். பிரேசில் நாட்டில் ஹென்றி ஃபோர்டு 1928-இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டமும் இலைக்கருகல் நோயால் நலிந்து, 1945-இல் கைவிடப்பட்டது. அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் பிற மரங்களுக்கிடையே சிதறி நிற்பதால் நோய் எளிதில் பரவுவதில்லை. நெருங்கி நிற்கும் ஓரின மரங்களிலோ, அது தீப்போலப் பரவும்.

நம் நாட்டிலும், 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில், ரப்பருக்குச் சந்தையில்லாது போயிற்று. மங்கில் வடிந்த பால் வயிற்றை நிரப்பவில்லை. மரவள்ளிக் கிழங்கே பல குடும்பங்களைக் காத்தது.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? மறுநடவு செய்த நிலத்தில் ரப்பர்க் கன்று பாலுக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாகும். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் நிரைகளுக்கிடையே நல்ல வெயில் விழும். அங்கு வாழை, அன்னாசி, நிலக்கடலை ஆகியவற்றைப் பயிரிடலாம். நிலக்கடலை போன்ற பயற்றினச் செடிகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்கு ஈட்டித் தருகின்றன. மரவள்ளியை மட்டும் ஓயாது நட்டால் மண்வளம் குன்றும். எனவே பயிரை மாற்றி மாற்றி நடுதல் வேண்டும்.

ஊடுபயிர் கன்றுகளின் உரத்தைத் தின்றுவிடும் எனச் சிலர் கூறுவர். கன்றுகளை விட்டு விலக்கி நட்டு, ஊடுபயிருக்குத் தனியே உரமிட்டால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் பலா, டுரியான், மூங்கில் போன்ற நீண்டகாலப் பயிர்களை விட்டுவைத்தல் நன்று. அவற்றின் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். மழைநீர் மேல்மண்ணை ஆற்றுக்கு அடித்துச் செல்வது குறையும். பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் அவை புகலிடமாகும்.

“நிலம் நமதன்றே” எனத் தொழிலாளர் கேட்கலாம். உண்மைதான். ஆகவே, மறுநடவுக் காலத்தில் நிரையிடை நிலத்தைத் தொழிலாளர்க்கு வாடகையின்றி அளிக்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வரல் வேண்டும். விளைச்சல் உழைப்பவருக்கு, களையற்ற நிலம் தோட்டத்துக்கு. இதில் இழப்பவர் யாருமிலர்.

பெற்றோர்களே! பட்டணத்து வீடுகளுக்குக் குடிபெயர்ந்தாலும், வீட்டோரத்தில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் நடுங்கள். மாணவச் செல்வங்களே! பள்ளித் தோட்டத்தில் ஆளுக்கொரு கன்றை, வெவ்வேறு இனமாகத் தேர்ந்து நட்டு வளருங்கள். தனிமரம் தோப்பாகாது என்பர்; ஓரின மரங்கள் பல்லாயிரம் நின்றாலும் அது காடாகாது என்பதையும் நாம் உணர்தல் வேண்டும்.