‘ரமணா’ சீனும் எங்க ஐசியு வாசலும்: ஒரு ஜிஹெச் டாக்டரின் நீண்ட இழை

1) மக்களே, இது கொஞ்சம் பெரிய இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க. நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்குற எம்பிபிஎஸ் டாக்டர். அதுக்கு ரொம்ப முன்னாடியே சினிமா பைத்தியம். நைட் டியூட்டி முடிச்சுட்டு நேரா காலைக்காட்சிக்குப் போய் உட்கார்ற ஆள். அதனால "டாக்டருங்களுக்கு ரசனை கிடையாது"ன்னு கமென்ட்ல ஆரம்பிக்காதீங்க.

2) சினிமாவுல மருத்துவத்தைத் தப்பா காட்டுனா எனக்குக் கோபமே வராது. எந்தத் தப்பு வீட்டுக்கு வந்து ஆளைக் கொல்லுதோ, அதுக்கு மட்டும்தான் வரும். இந்த ஒரு அளவுகோலை வச்சுக்கிட்டு மேல படிங்க.

3) முதல்ல மன்னிச்ச லிஸ்ட். மணிக்கட்டைப் பிடிச்ச பத்தாவது செகண்ட்ல "நீங்க அப்பாவாகப் போறீங்க" சொல்ற டாக்டர். மானிட்டர்ல கோடு நேரா போனதும் ரெண்டு கையிலயும் ஷாக் பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வர்ற டாக்டர். (நேர்கோட்டுக்கு ஷாக் வேலை செய்யாது. அங்க நெஞ்சை அழுத்தணும், நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை.) சிரிச்சுட்டு விட்டுடலாம். வீட்ல யாரும் ஷாக் மெஷின் வச்சிருக்கப் போறதில்ல.

4) ‘மூன்றாம் பிறை’யில தலையில அடிபட்டு குழந்தையா மாறுறது, ‘கஜினி’யில 15 நிமிஷ ஞாபகம், ‘அந்நியன்’ல ஒரே ஆளுக்குள்ள மூணு பேர். பாடப்புத்தகத்தோட வச்சுப் பார்த்தா நிறைய இடிக்கும். பரவாயில்ல. கதை சொல்றவனுக்கு அந்த உரிமை உண்டு. ‘மூன்றாம் பிறை’ கடைசி ரயில்வே ஸ்டேஷன்ல இன்னைக்கும் அழுவேன், நாளைக்கும் அழுவேன். (2005-ல ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’, ‘கஜினி’ மூணும் ஒரே வருஷத்துல வந்துச்சு. அதைப் பத்தி மனநல டாக்டர்கள் தனி இழை போடட்டும்.)

5) ‘வசூல்ராஜா எம்பிபிஎஸ்’ (2004) எங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்ட படம். எனக்கு ரொம்பப் பிடிக்கும். நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடாம "அந்த லிவர் கேஸ்", "ஏழாம் நம்பர் பெட்"னு சொல்ற பழக்கம் எங்ககிட்ட இருக்கு. அதைச் சொன்னா வாங்கிக்கத்தான் வேணும். டாக்டரைத் திட்டுறதால ஒரு படம் கெட்ட படம் ஆயிடாது.

6) இனி மன்னிக்காத லிஸ்ட். ஒண்ணு, பாம்புக்கடி. ஹீரோயின் காலை ஹீரோ இறுக்கிக் கட்டி, கத்தியால கீறி, வாய் வச்சு உறிஞ்சித் துப்புவாரு. அடுத்த ஷாட்ல பாட்டு. எத்தனை படத்துல பார்த்திருப்பீங்க?

7) உறிஞ்சினா விஷம் வெளியே வராது. கீறினா ரத்தம் நிக்காது, ஏன்னா விரியன் விஷம் ரத்தம் உறையுறதையே கெடுக்கும். இறுக்கிக் கட்டினா கால் அழுகலாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வச்சு, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்குற ஆஸ்பத்திரிக்கு வரணும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். ஜிஹெச்சுல இலவசம். கீறி, கட்டி, பச்சிலை வச்சு மூணு மணி நேரம் கழிச்சு வர்ற காலைப் பார்த்தா எனக்கு அந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும்.

8) ரெண்டு, "இது போலீஸ் கேஸ், எஃப்ஐஆர் இல்லாம தொட மாட்டோம்" வசனம். இதுக்கு உச்ச நீதிமன்றம் 1989-லயே தீர்ப்பு சொல்லிடுச்சு: உயிரைக் காப்பாத்துற வேலை முதல்ல, போலீஸ் பேப்பர் அப்புறம். ஏஆர் புக்ல எழுதுறதும் போலீசுக்குத் தகவல் சொல்றதும் எங்க வேலை, உங்க வேலை இல்ல. அடிபட்டவரைக் கொண்டு வந்து சேர்த்தவரைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு 2016-ல உச்ச நீதிமன்றம் சொல்லி, 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயும் சேர்த்தாச்சு. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்லேருந்து ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்துல, பட்டியல்ல இருக்குற தனியார் ஆஸ்பத்திரியிலகூட விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். சினிமா இன்னும் 1980-லயே நிக்குது. ரோட்டுல அடிபட்டுக் கிடக்குறவனைச் சுத்தி நின்னு வீடியோ எடுக்குற கூட்டத்துல பாதிப் பேரு "நமக்கு எதுக்கு வம்பு"ன்னு நினைக்கிறது இப்படி வசனம் கேட்டுக் கேட்டுத்தான்.

9) மூணாவதுக்கு வர்றேன். இந்த இழை எழுதுனதே அதுக்குத்தான். ‘ரமணா’, 2002, முருகதாஸ் இயக்கம், விஜயகாந்த். நல்ல படம். கேப்டன் நடிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். அந்த ஆஸ்பத்திரி சீன் உங்களுக்கே மனப்பாடமா இருக்கும். இறந்துபோனவர் உடலை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாரு. அவங்க உயிர் இருக்குற மாதிரி நடிச்சு, வைத்தியம் பார்க்குற மாதிரி காட்டி, பணம் கறப்பாங்க. தெலுங்குல ‘தாகூர்’, இந்தியில ‘கப்பர் இஸ் பேக்’னு போன இடமெல்லாம் அந்த சீனும் கூடவே போச்சு.

10) அந்தக் கோபம் பொய்னு நான் சொல்ல வரல. நகையை அடகு வச்சு பில் கட்டின குடும்பங்களை எனக்குத் தெரியும். காசு தீர்ந்ததும் எங்ககிட்ட அனுப்பி வச்ச நோயாளிகளையும் தெரியும். தியேட்டர்ல விசில் அடிச்ச ஒவ்வொருத்தனுக்கும் பின்னாடி ஒரு பில் இருந்துச்சு. அதுல எனக்கு வாக்குவாதம் இல்ல.

11) ஆனா அந்த சீன் தியேட்டரோட நிக்கல. "வென்டிலேட்டர்ல போட்டுட்டாங்களா? அப்ப ஆள் முடிஞ்சுட்டாரு, சும்மா வச்சிருக்காங்க"ன்னு ஒரு பாடமாவே மாறிடுச்சு. எங்க ஐசியுவுல பில்லே கிடையாது. படுக்கைக்கு, மருந்துக்கு, வென்டிலேட்டருக்கு ஒத்தைப் பைசா வாங்குறதில்ல. அங்கேயும் என்கிட்ட கேட்குறாங்க: "ரமணா படத்துல வர்ற மாதிரி பண்றீங்களா சார்?" காசே வாங்காத இடத்துல நான் யாரை ஏமாத்தி என்னத்தைக் கறக்கப் போறேன்?

12) இது எங்க போய் முடியுதுன்னு சொல்றேன். கட்டுவிரியன் ராத்திரி வரும். தரையில பாய் போட்டுத் தூங்குறவங்களைக் கடிக்கும். வலி பெருசா தெரியாது, பல் பதிஞ்ச இடம்கூட சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. விடிகாலையில வயித்து வலி, வாந்தி. அப்புறம் இமை தொங்கும், விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியா மூச்சுத் தசை நின்னுடும்.

13) அப்போ அந்த ஆளு எப்படி இருப்பாருன்னு கேளுங்க. கை கால் அசையாது. கண்ணைத் திறந்து டார்ச் அடிச்சா பாப்பா சுருங்காது. கிள்ளினா முகம்கூட மாறாது. யார் பார்த்தாலும் செத்துட்டார்னுதான் சொல்வாங்க. ஆனா உள்ளே ஆள் இருக்காரு. பல பேருக்கு நினைவுகூட இருக்கும். பக்கத்துல நின்னு நீங்க அழுறது அவர் காதுல விழும்.

14) அவருக்குத் தேவை விஷமுறிவு மருந்தும், தசை திரும்பி வர்ற வரைக்கும் மூச்சு விடுற ஒரு மெஷினும்தான். சில நாள் ஆகும். அதுக்கப்புறம் இமை லேசா அசையும், விரல் அசையும், ட்யூபை எடுப்போம். நடந்தே வீட்டுக்குப் போவாரு. மருத்துவத்துல இவ்வளவு சுத்தமான ஜெயிப்பு ரொம்பக் கம்மி.

15) அந்த சில நாளுக்குள்ளதான் ஊர்லேருந்து ஒரு பெரியவர் வருவாரு. கண்ணாடி வழியா எட்டிப் பார்ப்பாரு. "உசுரு போயி ரெண்டு நாளாச்சுப்பா, பாடியை வச்சுக்கிட்டு விளையாடுறானுங்க, வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம்." அப்பா அம்மா உடைஞ்சுபோய் இருப்பாங்க. சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு பேப்பர்ல கையெழுத்து கேட்டு நிப்பாங்க. மணிக்கணக்கா கெஞ்சுவோம். சில நாள் ஜெயிப்போம். சில நாள் தோத்துடுவோம். தோத்த நாள்ல ட்யூபோட சேர்ந்து போறது பாடி இல்லீங்க, ஆளு.

16) நிஜமாவே செத்தவரை வென்டிலேட்டர்ல வச்சா என்ன ஆகும்? காத்து போய் மார்பு ஏறி இறங்கும், அவ்வளவுதான். கழுத்துல நாடி இருக்காது. உடம்பு சில்லிடும். சில மணி நேரத்துல விறைக்கும். அதனால சந்தேகம் வந்தா பயப்படாம உள்ளே போய் கையைத் தொட்டுப் பாருங்க. சூடு இருக்கா? கழுத்துல துடிப்பு இருக்கா? பையில மூத்திரம் இறங்குதா? இருந்தா அது பிணம் இல்ல.

17) "அப்ப மூளைச்சாவு?" நல்ல கேள்வி. அதுல இதயம் துடிக்கும், உடம்பு சூடா இருக்கும், ஆனா மூளை திரும்பவே வராது. அதை நான் ஒருத்தன் பார்த்துட்டுச் சொல்ல முடியாது. உறுப்பு மாற்றுச் சட்டப்படி நாலு டாக்டர் குழு, குறைஞ்சது 6 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணணும். பாம்பு விஷம், மயக்க மருந்து மாதிரி வேற காரணம் இல்லைன்னு உறுதி பண்ண பிறகுதான் டெஸ்டையே ஆரம்பிக்கணும்.

18) இதைச் சினிமாவால சொல்ல முடியாதா? சொல்லியிருக்கே. மலையாளத்துல ‘ட்ராஃபிக்’ (2011), தமிழ்ல அது ‘சென்னையில் ஒரு நாள்’ (2013). மூளைச்சாவு அடைஞ்ச பையனோட இதயத்தைக் கொண்டு போற ஓட்டம்தான் மொத்தக் கதையும். 2008-ல சென்னையில ஹிதேந்திரனோட பெத்தவங்க, அவங்களே டாக்டர்கள், மகனோட உறுப்புகளைக் கொடுத்தது இந்த மாநிலத்தையே மாத்துச்சு. அந்தப் படம் பார்க்க நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். உண்மையைச் சொன்னா விறுவிறுப்பு குறையும்னு எந்த இயக்குநரும் என்கிட்ட சொல்ல வேண்டாம்.

19) ‘வைரஸ்’ (2019) பாருங்க. கோழிக்கோடு நிபா. ஹீரோ ஒரு ஆள் இல்ல, ஒரு அரசு மருத்துவமனையும் அதைச் சுத்தி இருக்குற ஊரும்தான் ஹீரோ. நம்ம படத்துல ஜிஹெச் எப்ப வரும்? மார்ச்சுவரி காட்டணும்னா வரும். ‘மெர்சல்’ல அஞ்சு ரூபா டாக்டருக்குக் கைதட்டினோம், நானும் தட்டினேன். அஞ்சு ரூபாகூட இல்லாம தினமும் ஓபி பார்க்குற இடம் உங்க ஊர்லயே இருக்கு. அங்க ஒரு கேமரா வைங்க.

20) "படத்தைப் படமா பாருங்க டாக்டர்"னு கமென்ட் வரும். சரி. அப்போ ‘ரமணா’ பார்த்து ஜனங்க ஊழலுக்கு எதிரா திரும்பினாங்கன்னு பெருமை பேசாதீங்க. நல்லது நடந்தா சினிமாவோட சக்தி, கெட்டது நடந்தா "வெறும் படம்"தானா? ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோங்க.

21) தனியார் ஆஸ்பத்திரி மேல சந்தேகமா? சண்டை போடுங்க, ஆனா இப்படிப் போடுங்க. ‘ரமணா’ வந்த அதே 2002-ல வந்த மருத்துவக் கவுன்சில் விதி ஒண்ணு இருக்கு: நோயாளியோ குடும்பமோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள சிகிச்சைப் பதிவுகளைக் கொடுக்கணும். எழுதிக் கேளுங்க. வாங்கி வேற டாக்டர்கிட்ட காட்டுங்க. "வென்டிலேட்டர் எதுக்கு, எத்தனை நாள், எதைப் பார்த்து எடுப்பீங்க"ன்னு தினமும் கேளுங்க. பதில் சொல்றது எங்க கடமை. பில்லைக் கிழிங்க, ட்யூபைப் பிடுங்காதீங்க.

22) டைரக்டர்களே, அந்த சீனை நீக்கச் சொல்லல. அது உங்க படம், எங்க படமும்தான். வென்டிலேட்டர்ல இருந்து ஒரு ஆள் எழுந்து வர்ற சீன் ஒண்ணு எடுத்துக் குடுங்க, போதும். முதல் நாள் காலைக்காட்சிக்கு நானே வந்து விசில் அடிக்கிறேன்.

23) மழைக்காலம் வந்தா கட்டுவிரியனும் வந்துடும். தரையில படுக்குறவங்க கொசுவலையைப் பாய்க்கு அடியில செருகிட்டுப் படுங்க. முடிஞ்சா கட்டில்ல படுங்க. இந்த இழையை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. ஐசியு கண்ணாடி வழியா எட்டிப் பார்க்கப் போற அந்தப் பெரியவர் அங்கதான் இருக்காரு.