செலக்ட் ஆயாச்சு, மேட்ச் எங்கே?



பிளேஸ்மென்ட் சீசன் வந்தா ஹாஸ்டல்ல ரெண்டே கேள்விதான். யாருக்கு ஆஃபர் வந்துச்சு, எத்தனை லட்சம்? ஆனா போன வருஷம் பாஸ் அவுட் ஆன சீனியர் யாரையாவது கேட்டுப் பாருங்க. ஆஃபர் லெட்டர் வேற, ஜாயினிங் டேட் வேற. ஜாயின் பண்ணின பிறகும் ப்ராஜெக்ட் கிடைக்காம பெஞ்சுல உட்கார்றது வேற. இதெல்லாம் நமக்கு நல்லாவே தெரியும். விளையாட்டு வீரர்கள்னு வரும்போது மட்டும் மறந்துடுறோம். "நம்ம ஆளு செலக்ட் ஆயிட்டான்"னு ஒரு ஸ்டேட்டஸ் போட்டதும், அவன் வாழ்க்கையே செட்டில் ஆன மாதிரி அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுறோம்.

சத்னம் சிங் பமாராவை எடுத்துக்குங்க. பஞ்சாப்ல பர்னாலா மாவட்டம், பல்லோ கே என்ற சின்ன கிராமம். உயரம் 7 அடி 2 அங்குலம். லூதியானா அகாடமியில் பயிற்சி எடுத்துட்டிருந்தவர், 2010-ல் 14 வயசுல ஸ்காலர்ஷிப் கிடைத்து ஃபுளோரிடாவில் இருக்கும் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். 2015 ஜூன் 25 அன்று நடந்த என்.பி.ஏ. டிராஃப்ட்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ.வுக்கு டிராஃப்ட் ஆன முதல் வீரர் அவர்தான். அப்போ அவருக்கு 19 வயசு. நம்ம செகண்ட் இயர் பசங்க வயசு!

நாடே கொண்டாடுச்சு. அவரைப் பத்தி ஆவணப்படம்கூட வந்தது. ஆனா சத்னம் என்.பி.ஏ.வில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

ஏன்னு பார்ப்போம். டிராஃப்ட்டில் எடுக்கப்பட்டவர்கள் மொத்தம் 60 பேர். முதல் ரவுண்டில் வரும் 30 பேருக்குத்தான் உத்தரவாதமான ஒப்பந்தம். இரண்டாவது ரவுண்டு ஆளுக்கு அது கிடையாது. லீக்கில் 30 அணிகள், அணிக்கு 15 பேர்னு வச்சா உலகம் முழுசுக்கும் சுமார் 450 இடம்தான். சத்னமுக்கு டெக்சஸ் லெஜெண்ட்ஸ் என்ற மேவரிக்ஸின் கிளை அணியில்தான் இடம் கிடைத்தது. அங்கேயும் களத்தில் இறங்கிய நேரம் குறைவு. பிறகு இந்தியா, அப்புறம் கனடா லீக். 2019-ல் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார், 2 ஆண்டு தடை வந்தது. 2021-ல் அமெரிக்காவில் ஏ.இ.டபிள்யூ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ரெஸ்லிங் பக்கம் போயிட்டார்.

"திறமை பத்தல மச்சி, அவ்ளோதான்"னு சொல்லிட்டுப் போயிடலாம். இருக்கலாம். ஊக்கமருந்து விவகாரத்துக்கும் வேற யார் மேலயும் பழி போட முடியாது. ஆனா அமெரிக்காவில் இடம் கிடைக்காத ஒரு 21 வயசு வீரன் திரும்பி வந்தா, வாரா வாரம் ஆட இங்கே என்ன இருந்தது? யு.பி.ஏ. என்ற புரொஃபெஷனல் லீக் 2015-ல் தொடங்கியது, 2017-க்குப் பிறகு நின்னுபோச்சு. ஸ்பெயின்லயோ துருக்கியிலயோ பிறந்த பையனுக்கு என்.பி.ஏ. கைகொடுக்கலைன்னா சொந்த ஊர் லீக் இருக்கு. நம்ம ஆளுக்கு அந்த ரெண்டாவது கதவு இல்லை.

இங்கே பாஸ்கெட்பால் வீரருக்கு நாம காட்டுற வழி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு அரசு வேலை. ரயில்வே, வங்கி, போலீஸ். அதைக் குறைச்சு சொல்லல. இந்திய அணியின் முன்னாள் கேப்டன், சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் இருந்துகொண்டேதான் பல வருஷம் நாட்டுக்காக ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். மாசச் சம்பளம் ஒரு வீட்டையே தூக்கி நிறுத்தும், நம்ம பக்கம் அதோட மதிப்பு தெரியாதவங்க யாரு? ஆனா வேலை சோறு போடும், ஆட்டத்தை வளர்க்காது. ஆட்டத்தை வளர்க்கிறது மேட்ச் மட்டும்தான்.

பஞ்சாப், சென்னை எல்லாம் இருக்கட்டும், நம்ம ஊருக்கு வாங்க. நம்ம பக்கத்து உதாரணம் பாஸ்கெட்பால்ல இல்லை, ஹாக்கியில இருக்கு. அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம். சிமென்ட் ஃபேக்டரிக்கும் சுண்ணாம்புக்கல் லாரிக்கும் பேர் போன ஊர்லேர்ந்து கிளம்பி, கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தேறி வந்தவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் மேட்ச்லயே கோல் அடித்தார். 2023 ஆகஸ்ட்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார்.

அதுக்கப்புறம் வந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டு அணியிலும், பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் அவர் பேர் இல்லை. ஸ்டேட்டஸ் போட்ட நாம அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஆனா கார்த்தியோட கதை அங்கே முடியல. 2017-க்குப் பிறகு நின்னுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் திரும்ப வந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. தேசிய அணிக்கு வெளியே இருக்கும்போதும் பெரிய வீரர்களோடு மோத ஒரு களம்! சத்னமுக்குக் கிடைக்காதது இதுதான். ரெண்டு பேர் திறமையை ஒப்பிடுறது என் வேலை இல்லை. ஒருத்தர் தடுக்கி விழுந்தப்போ கீழே தரை இருந்தது, இன்னொருத்தருக்கு இல்லை.

சரி, இதுல இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். இருக்கு.

நம்ம பக்கம் காலேஜ் டோர்னமென்ட் எல்லாம் பெரும்பாலும் நாக்-அவுட். முதல் மேட்ச்ல தோத்தா பேக்கைத் தூக்கிட்டு பஸ் ஏற வேண்டியதுதான், அந்த வருஷமே முடிஞ்சுது. ஆறு மாசம் விடியக்காலை எழுந்து பிராக்டீஸ் பண்ணினவனுக்கு மொத்தம் 40 நிமிஷ ஆட்டம். இதே செமஸ்டர் எக்ஸாம்ல ஒரே ஒரு கேள்வி கேட்டு, அதுல தப்பு பண்ணினா டிகிரி கிடையாதுன்னா விட்டுடுவோமா?

கணக்கு ரொம்ப சிம்பிள். பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்திலும் சேர்த்து ஆறு காலேஜ் டீம் வந்தா போதும். ஒவ்வொரு டீமும் மத்த அஞ்சு டீமோட ரெண்டு தடவை மோதினா, டீமுக்கு 10 மேட்ச். சனிக்கிழமைக்கு ஒண்ணுன்னு வச்சா ஒரு செமஸ்டருக்குள்ள முடிஞ்சிடும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே பஸ்ல ஒரு மணி நேரம்தான், லாட்ஜ் செலவு கிடையாது. கோர்ட் ஏற்கெனவே இருக்கு. கல்ச்சுரல்ஸ் மேடை போடவும் பைக் நிறுத்தவும் மட்டும் அதைப் பயன்படுத்தாம இருந்தா சரி. ஸ்கோர் எழுத, லைவ் போட, ஒரு ஆப் பண்ண நம்ம டிபார்ட்மென்ட்லயே ஆள் இருக்கு. பொண்ணுங்க டீமுக்கும் இதே பட்டியல், இதே கோர்ட், இதே நேரம்.

இதுலேர்ந்து என்.பி.ஏ. பிளேயர் வருவான்னு நான் சொல்ல வரல. பத்து மேட்ச் தோத்து, பதினொண்ணாவதுல எப்படி ஜெயிக்கிறதுன்னு கத்துக்கிட்ட பசங்க வருவாங்க. அப்படி நூறு ஊர்ல ஆடினாத்தான் மாநில அளவில் ஒரு லீக் நிக்கும், பார்க்க ஆளும் வரும்.

அதனால அடுத்த தடவை நம்ம காலேஜ்ல "யுனிவர்சிட்டி டீமுக்கு செலக்ட்"னு ஃபிளெக்ஸ் பேனர் வைக்கும்போது கைதட்டுங்க, தப்பில்லை. தட்டி முடிச்சதும் ஃபிசிக்கல் டைரக்டர்கிட்ட போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், இந்த வருஷம் இவனுக்கு எத்தனை மேட்ச்?"