ஆற்றங்கரை மனை

கீழ்வேளூரில் நஞ்சையை விற்றுவிட்டு, சென்னைக்கு அருகே அடையாற்றங்கரையில் மனை வாங்குகிறார்கள். மரநிழலாம், ஆற்றுக் காற்றாம், கிராமத்து அமைதியாம்! வீட்டுக்கு மேடு, பயிருக்குப் பள்ளம் என்பது காவிரிக் கடைமடைக்காரனுக்குத் தெரியாததா?

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், மணப்பாக்கம் முழுகிற்று. முடிச்சூரிலோ, மேலேயிருந்த ஏரிகள் நிரம்பி வழிந்தே தெருவில் படகு ஓடிற்று. ஆறு அத்துமீறவில்லை; தன் இடத்துக்குத்தான் வந்தது.

முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். வெள்ளம் எந்த வில்லங்கச் சான்றில் ஏறும்? விற்கிறவன் கோடையில்தான் மனையைக் காட்டுவான். நீங்கள் கார்த்திகை அடைமழையில் போய்ப் பாருங்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடி முன்பணம் கொடுக்கத் தைரியம் இருந்தால், தாராளமாக வாங்குங்கள்.