கறைபடாத பட்டறைகள்

ஆசிரியர்களுக்கென நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகளிலே நாம் காண்பதென்ன? வரவேற்புரை, விரிவுரை, தேநீர், சான்றிதழ்! மாலையில் வீடு திரும்பும் கைகளில் ஒரு கறைகூட இல்லை.

பட்டறை என்ற பெயரைக் கொல்லனிடமிருந்து பெற்றவர்கள், அவனது கல்விமுறையை ஏன் கைவிட்டனர்? உலையிலுள்ள உருக்கின் நிறம் பார்த்தே அவன் சம்மட்டியை ஓங்குகிறான். சூடாறிய உருக்கை அடித்தால் வெடிப்பு விழும். அவ்வெடிப்பே பழகுபவனுக்கு ஆசான். விரிவுரை இதைச் சொல்லலாம், கற்பிக்க இயலாது.

1972இல் நம் பாடசாலைகளுக்குத் தொழில் முன்னிலைப் பாடம் வந்தது. 1977 ஆட்சிமாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. கருவிகளின் பற்றாக்குறை மட்டுமா காரணம்? உழைக்கும் கையை இழிவென எண்ணும் மேட்டிமையும் அதற்குக் குழி பறித்ததன்றோ! அதே மேட்டிமைதான் இன்று பட்டறைகளைப் பேச்சு மண்டபங்களாக்குகிறது.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த பட்டறையில் சான்றிதழுக்கு முன் கருவியைக் கேளுங்கள்!