அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காங்க சார்!

சிங்கப்பூர்ல ஆன்சைட்ல இருக்கற நம்ம மக்களுக்கு லாங் வீக்கெண்ட் வந்தா கம்போடியா போயி அங்கோர் வாட் பாத்துட்டு வர்றது ஒரு வழக்கம். ரெண்டு மணி நேர ஃப்ளைட். தாராளமா போங்க. எனக்குப் பத்திக்கிட்டு வர்றது கடைசி நாள் ப்ரோக்ராம்தான். "உள்ளூர் மக்களுடன் ஒரு நாள்", "கலாச்சாரப் பரிமாற்றம்" அப்படின்னு பேர் வெச்சு சியம் ரீப் பக்கம் ஒரு அனாதை இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ரெண்டு மணி நேரம் ஏபிசிடி சொல்லிக் குடுத்து, சாக்லேட் குடுத்து, மடியில ரெண்டு புள்ளைங்களை உக்கார வெச்சு போட்டோ. சாயங்காலம் வாட்ஸப் ஸ்டேட்டஸ். இதுலயே கொஞ்சம் பெரிய சைஸ், காசு கட்டி ரெண்டு வாரம் தங்கி 'வாலண்டியர்' ஆகறது.

இதை சேவைன்னு சொன்னாக்கூட ஒரு ஓரமா நின்னு சகிச்சுக்கலாம். பரிமாற்றம்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அந்தப் புள்ளைக்கிட்டேர்ந்து என்னத்தய்யா வாங்கிட்டு வந்தீங்க? க்மேர் பாஷையில நன்றிக்கு 'அர்குன்', அந்த ஒரு வார்த்தையாவது?

சரி, விஷயத்துக்கு வர்றேன். க்மேர் ரூஜ் ஆட்சி 1975லேர்ந்து 79 வரைக்கும். பதினஞ்சு லட்சத்துக்கு மேல ஜனம் செத்துது. அப்போ அனாதையான குழந்தைங்க லட்சக்கணக்குல இருந்தாங்க, நிஜம். ஆனா 2005ல அவங்களுக்கு வயசு இருபத்தஞ்சைத் தொட்டாச்சு, தாண்டியாச்சு. அப்போ அனாதை இல்லங்கள் எண்ணிக்கை குறையணுமா, ஏறணுமா? 2005ல 154 இருந்தது, 2010ல 269 ஆச்சு. அஞ்சு வருஷத்துல 75 சதவீதம்! போர் இல்லை, சுனாமி இல்லை. அதே அஞ்சு வருஷத்துல ஏறின இன்னொரு எண்ணிக்கை டூரிஸ்ட்: சுமார் 14 லட்சத்துலேர்ந்து 25 லட்சம். இல்லங்கள் எங்க குவிஞ்சு கிடந்ததுன்னு பாத்தா புனோம் பென், சியம் ரீப். குழந்தைங்க அதிகமா செத்த, பசிச்ச ஊர்ல இல்லை சாமி, வெள்ளைக்காரனும் நம்மாளும் பஸ்ஸை விட்டு இறங்கற ஊர்ல.

கம்போடிய அரசாங்கமும் யுனிசெஃபும் 2011ல வெளியிட்ட ஆய்வுல இன்னொரு விஷயம் வந்துது. இந்த இல்லங்கள்ல இருக்கற குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க. திரும்பப் படிங்க. உயிரோட இருக்காங்க. அப்புறம் ஏன் அனுப்பறாங்க? இல்லாமை. அதோட, அங்க விட்டா இங்கிலீஷ் படிப்பான், மூணு வேளை சோறு கிடைக்கும்ங்கற நம்பிக்கை. கிராமத்துக்கே ஆள் அனுப்பி இதைச் சொல்லிப் புள்ளை புடிக்கற இல்லங்களும் உண்டு. படுக்கை காலியா இருந்தா டொனேஷன் வராதே! சில இடங்கள்ல புள்ளைங்களை வேணும்னே வாடிப்போன மாதிரி வெச்சிருக்கறதும் வெளிய வந்துச்சு. நல்லா இருந்தா யாரு காசு குடுப்பா?

ஆக, உங்க டிக்கெட் காசுதான் அந்த அம்மாகிட்டேர்ந்து அந்தப் புள்ளையைப் பிரிச்சுது. கொஞ்சம் காட்டமா இருக்கா? இருக்கட்டும். ஆஸ்திரேலிய பார்லிமென்ட் கமிட்டி 2017ல நவீன அடிமைத்தனம் பத்திக் குடுத்த ரிப்போர்ட்ல இந்த அனாதை இல்லக் கடத்தலுக்குன்னே தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்காங்க. 2019ல ஐ.நா. பொதுச்சபை தீர்மானத்துலயும் இது வந்தாச்சு. நாமதான் இன்னும் ஹார்ட்டின் விட்டுட்டிருக்கோம்.

"ஆனா பாஸ், அந்தக் குழந்தைங்க ஓடி வந்து கட்டிப்புடிச்சுதுங்க, எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?"

தெரியும். முன்னபின்ன தெரியாத ஆளை ஓடி வந்து கட்டிக்கற குழந்தையை நம்ம வீட்ல பாத்திருக்கீங்களா? நம்ம வீட்டுக் குழந்தை அம்மா முந்தானைக்குப் பின்னாடி போயி ஒளியும். அதுதான் இயல்பு. ருமேனியாவுல 2000லேர்ந்து பல வருஷம் நடந்த புக்கரெஸ்ட் ஆய்வுல, இல்லத்துல வளர்ற குழந்தைங்ககிட்ட இந்த 'யார் வந்தாலும் ஒட்டிக்கற' பழக்கத்தை அடையாளம் கண்டு எழுதியிருக்காங்க. அது பாசமில்லை, காயம். ரெண்டு வாரத்துக்கு ஒரு அக்கா, ரெண்டு வாரத்துக்கு ஒரு அண்ணா வந்து ஒட்டி, டாட்டா காட்டிட்டுப் போனா அந்தக் காயம் எப்படி ஆறும்? நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மொத்த டீமும் மாறற ப்ராஜெக்ட். கேடி கிடையாது, டாக்குமென்ட் கிடையாது. வர்றவன் எல்லாம் ஏபிசிடிலேர்ந்து ஆரம்பிப்பான். நாம அப்படி ஒரு ப்ராஜெக்ட்ல இருந்தா பேப்பர் போட்டுட்டு ஓடிடுவோம். அந்தப் புள்ளை எங்க ஓடும்?

இன்னொண்ணு. சிங்கப்பூர்ல ஏதாவது ஒரு ஸ்கூலுக்குள்ள சனிக்கிழமை காலைல சும்மா நுழைஞ்சு, ஒரு குழந்தையைத் தூக்கி மடியில வெச்சு போட்டோ எடுத்துப் பாருங்களேன். போலீஸ் வரும். ஏழை நாட்டுக் குழந்தைன்னா மட்டும் கேட் திறந்து கிடக்குமா?

"அப்போ எல்லாரும் நிறுத்திட்டா இப்ப உள்ள இருக்கற புள்ளைங்க பட்டினி கிடக்காதா?" இது நியாயமான கேள்வி. ஒரே நாள்ல இழுத்து மூடுன்னு நான் சொல்லலை. குடும்பத்தைத் தேடிக் கண்டுபுடிச்சு, அந்தக் குடும்பம் நிமிர்ந்து நிக்க வழி பண்ணி, அப்புறம் மெதுவா அனுப்பணும். அதுக்கு பயிற்சி வாங்கின, க்மேர் பேசற சமூகப் பணியாளர்கள் வேணும். வருஷக்கணக்குல ஆகற வேலை. போட்டோ வராது. ஆனா ஒரு புள்ளையை இல்லத்துல வெச்சு வளர்க்கற காசுல பல மடங்கு குறைச்சலா வீட்லயே வளர்க்க முடியும். ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல்ங்கற அமைப்பு 1994லேர்ந்து புனோம் பென்ல தெருப்புள்ளைங்களுக்காக வேலை பாக்குது. 'குழந்தைங்க சுற்றுலாத் தலம் இல்லை'ன்னு 2011ல பிரசாரம் ஆரம்பிச்சதும் இவங்கதான். அவங்க நடத்தற ஓட்டல்ல சமையல் கத்துக்கற பசங்க பரிமாறறாங்க. சாப்பிடுங்க, காசு குடுங்க, வாங்க.

நிஜப் பரிமாற்றம்னா என்னன்னு அதே நாட்லயே ஒரு உதாரணம் இருக்கு. எண்பதுகள்ல தாய்லாந்து எல்லைல 'சைட் டூ'ன்னு பெரிய அகதி முகாம். அங்க ஒரு பிரெஞ்சு ஓவிய டீச்சர் வருஷக்கணக்கா தங்கி, போர்ல அடிபட்ட புள்ளைங்களுக்கு வரையக் கத்துக் குடுத்தாங்க. ரெண்டு வாரம் இல்லீங்க, வருஷக்கணக்கா. அவங்ககிட்ட படிச்ச ஒன்பது பேர் ஊர் திரும்பி, 1994ல பட்டாம்பாங்ல ஒரு கலைப்பள்ளி ஆரம்பிச்சாங்க, ஃபார் பொன்லூ செல்பாக். 'கலையின் ஒளி'ன்னு அர்த்தம். ஓவியம், இசை, நாடகம், சர்க்கஸ் எல்லாம் உண்டு. 2013லேர்ந்து சியம் ரீப்ல அங்க படிச்ச பசங்களே ராத்திரி சர்க்கஸ் நடத்தறாங்க. நீங்க டிக்கெட் வாங்கிட்டு கீழ உக்காந்திருப்பீங்க, அவங்க மேடையில, தங்களோட கதையைத் தாங்களே சொல்லிட்டு. யாரு யாரை அண்ணாந்து பாக்கறாங்கன்னு கவனிங்க.

நம்ம ஊர்ல பொறந்தநாளுக்கு இல்லத்துல போயி சாப்பாடு போட்டு, புள்ளைங்களை வரிசையா நிக்க வெச்சு 'ஹேப்பி பர்த்டே' பாட வைக்கற பழக்கம் பத்தியும் இதே கேள்வியைக் கேக்கலாம். அது தனிப் பதிவு, வாங்கிக் கட்டிக்கறதுக்குத் தயாராகிட்டு எழுதறேன்.

டிஸ்கி: சர்க்கஸ் டிக்கெட் வித்தா எனக்குக் கமிஷன் எதுவும் கிடையாது :-)